எத்தனை கிலோ விங் வேண்டும்? டெக் டைவிங்கிற்குள் வருபவர்களுக்கு ஓர் எளிய கணக்கு

கோலாலம்பூரில் டெக் டைவிங் (சாதாரண டைவிங்கின் எல்லையைத் தாண்டி ஆழமாக இறங்குவது) பக்கம் திரும்பும் எல்லோரும் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது. பேக்பிளேட் விஷயத்தில் அவ்வளவு குழப்பம் வராது. எந்த ரெகுலேட்டர் (டேங்கின் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) என்பதைப் பயிற்சியாளரே சொல்லிவிடுவார். நம்மை மிதக்க வைக்கும் காற்றுப் பையான விங் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 30 பவுண்டு தாராளம் என்பார் ஒருவர். 60 இல்லாமல் இரட்டை டேங்கைத் தொடாதே என்பார் இன்னொருவர். கடையில் கேட்டால், "எதுக்கும் பெருசாவே எடுத்துக்குங்க, பின்னாடி உதவும்" என்று பதில் வரும்.

இந்த ‘எதுக்கும் பெருசா’ யோசனையை நான் ஏற்பதில்லை. விங்கின் அளவைத் தீர்மானிப்பது நீங்கள் சுமக்கும் எடை. அந்த எடையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எண் தானாக வந்து நிற்கும். வந்த எண் மிகப் பெரிதாக இருந்தால், பெரிய விங்கைத் தேடிப் போவதற்கு முன் எடையைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சாதாரண டைவிங்கில் ஜாக்கெட் போல மாட்டிக்கொள்ளும் பிசிடி என்ற மிதப்புக் கருவி, டெக் டைவிங்கில் தனித்தனித் துண்டுகளாகப் பிரிகிறது. முதுகில் ஓர் உலோகத் தகடு, அது பேக்பிளேட். அதில் கோத்த பட்டை. தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு காற்றுப் பை, அதுதான் விங். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். இன்றைக்கு ஒற்றை டேங்குக்குச் சின்ன விங், அடுத்த வாரம் இரட்டை டேங்குக்குப் பெரிய விங், தகடு மட்டும் அதேதான். ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.

விங் எவ்வளவு தூக்கும் என்பதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பவுண்டில் போடுவார்கள். 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ, 40 என்றால் 18 கிலோ, 60 என்றால் 27 கிலோ. கடல்நீரில் 1 லிட்டர் காற்று 1 கிலோவுக்குச் சற்று மேல் தூக்கும், சரியாகச் சொன்னால் 1.025 கிலோ. அதனால் 18 கிலோ விங் என்பது ஏறக்குறைய 18 லிட்டர் பை. ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்த எண் பை முழுசாக உப்பி நிற்கும்போது கிடைப்பது. டேங்கை இறுக்கிக் கட்டியபின் பையின் உள்பக்கம் நசுங்கிக் கொஞ்சம் குறையும்.

காற்றின் எடை

இனி எடைக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது காற்றின் எடையைத்தான். 1 லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். மலேசியாவில் எந்தத் தீவுக்குப் போனாலும் கையில் கிடைக்கும் அலுமினியம் 80 டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 11.1 லிட்டர். 207 பார் அழுத்தம் வரை நிரப்பினால் உள்ளே சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். எடை 2.6 கிலோ. அரிசி மூட்டை மாதிரி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த எடையை நீங்கள் சுமந்துகொண்டுதான் இறங்குகிறீர்கள். இறங்கியபின் மூச்சுக்கு மூச்சு அதைக் கடலில் விட்டுக்கொண்டே வருகிறீர்கள்.

அதன் விளைவு டேங்கிலேயே தெரியும். நிரம்பிய அலுமினியம் 80 கடல்நீரில் 0.6 கிலோ அளவுக்கு மூழ்கும். காலியானால் அதே டேங்க் 2 கிலோ அளவுக்கு மிதக்கும். டைவின் கடைசியில், 3 மீட்டரிலோ 6 மீட்டரிலோ டீகம்ப்ரஷன் நிறுத்தத்தில் (உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறக் காத்திருக்கும் இடம்) நிற்கும்போது, டேங்க் ஏறக்குறைய காலி, விங்கும் காலி. அந்த நிலையில் மேலே தூக்கிக்கொண்டு போகாமல் அசையாமல் நிற்க வேண்டும். டெக் டைவிங்கில் இது உயிர்ப் பிரச்சினை. 40 மீட்டருக்குக் கீழே நேரம் செலவழித்துவிட்டு வருபவர் அந்த நிறுத்தத்தைத் தவறவிட முடியாது. ஆகையால் மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தை அந்தக் கடைசி நிமிடத்தை மனத்தில் வைத்துத்தான் போட வேண்டும்.

கடைசியில் சரியாக இருக்கும்படி எடை போட்டால், தொடக்கத்தில் காற்றின் எடை முழுவதும் உபரி. ஒற்றை டேங்க் என்றால் 2.6 கிலோ. இரட்டை டேங்க் என்றால் 5.2 கிலோ. விங்கின் முதல் வேலை இந்த உபரியைத் தாங்குவது.

இரண்டாவது எடை வெட்சூட். நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்குமிழ்கள்தான் வெட்சூட்டை மிதக்க வைக்கின்றன. நம் கடலில் தண்ணீர் 28, 29 டிகிரி இருப்பதால் பலரும் 3 மில்லிமீட்டர் சூட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அது தோராயமாக 2 கிலோ மிதப்பு தரும். 30 மீட்டருக்கு இறங்கினால் அங்கே அழுத்தம் 4 பார், குமிழ்கள் ஏறக்குறைய கால்பங்காகச் சுருங்கிவிடும். 2 கிலோவில் 1.5 கிலோ போய்விட்டது. சூட் தந்துகொண்டிருந்த மிதப்பு போனால், அவ்வளவு எடையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டது போலத்தான். அதையும் விங்தான் ஈடுகட்ட வேண்டும். குளிர்நாடுகளில் 7 மில்லிமீட்டர் சூட் போடுபவர்களுக்கு இந்த இழப்பு பல மடங்கு அதிகம். அவர்களுக்காக எழுதப்பட்ட விங் அளவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

இரண்டு கேள்விகள்

அளவைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். டைவின் தொடக்கத்தில், டேங்க் நிரம்பியிருக்க, சூட் நசுங்கியிருக்க, ஆழத்தில் என்னைச் சமநிலையில் நிறுத்த எத்தனை கிலோ வேண்டும்? அப்புறம், நீர்மட்டத்தில் அதே நிரம்பிய டேங்கோடு தலையை வெளியே வைத்து மூச்சுவிட எத்தனை கிலோ வேண்டும்?

இரண்டில் எது பெரிதோ அதுதான் உங்கள் எண். இரண்டையும் கூட்டக் கூடாது. ஒரே நேரத்தில் நீங்கள் 40 மீட்டரிலும் நீர்மட்டத்திலும் இருக்கப்போவதில்லை. இணையத்தில் பார்க்கும் பிரம்மாண்ட எண்கள் சில இப்படிக் கூட்டிப் போட்டவைதான்.

ஒற்றை டேங்கோடு தொடங்குவோம். அலுமினியம் 80, ஸ்டீல் பேக்பிளேட், 3 மில்லிமீட்டர் சூட். தியோமான் தீவில் 30 மீட்டருக்கு இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி டேங்க் 2 கிலோ மிதக்கும், சூட் 2 கிலோ மிதக்கும். ஸ்டீல் தகடு தண்ணீரில் 2.3 கிலோ அளவுக்கு இழுக்கும், ரெகுலேட்டர் 1 கிலோ. மிச்சம் 0.7 கிலோ மிதப்பு, அதற்கு ஏறக்குறைய 1 கிலோ ஈயம். உடம்பு தானாக மிதக்கவும் மூழ்கவும் செய்யாதவருக்கு இந்தக் கணக்கு. உடலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு ஈயம் கூடும், ஆனால் விங்கின் கணக்கு அவ்வளவாக மாறாது. கூடுதல் ஈயம் அவர் உடம்பின் மிதப்பை ஈடுகட்டுவதற்குத்தான் செலவாகிறது.

ஆழத்தில் தேவை: காற்று 2.6, சூட் இழந்தது 1.5, மொத்தம் 4.1 கிலோ. அவ்வளவுதான். பெரிய விங் வாங்கியவர்கள் ஆழத்தில் உண்மையில் இந்த நாலு லிட்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நீர்மட்டத்தில் சூட் நசுங்கவில்லை, அதனால் காற்றின் 2.6 மட்டும். ஆனால் தலையும் கழுத்தும் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டன. தண்ணீருக்குள் இருந்தபோது அவற்றைத் தண்ணீர் தாங்கியது, வெளியே வந்ததும் அந்தச் சுமை விங்கின் மேல் விழுகிறது. அது நாலு, ஐந்து கிலோ இருக்கும். ஆகப் பார்த்தால் 7 முதல் 7.5 கிலோ. இதுதான் பெரிய எண். அலையடிக்கும் கடலில் நிற்பதற்கு இரண்டு மூன்று கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 10 கிலோ சொச்சம். 25 பவுண்டு விங் சரியாகப் பொருந்தும், 30 பவுண்டு தாராளம்.

மூன்றாவதாக ஒரு சின்னச் சரிபார்ப்பும் உண்டு. சிறிய படகுகளில் ஏறும்போது தண்ணீரிலேயே முழுச் செட்டையும் கழற்றிக் கொடுப்போம். நீங்கள் கழன்றுகொண்டதும் சூட்டின் மிதப்பு உங்களோடு வந்துவிடும், செட் தனியாக நிற்க வேண்டும். மேலே சொன்ன செட், ஈயத்தையும் சேர்த்தால், 5 கிலோ மூழ்கும். 25 பவுண்டு விங் அதைச் சுலபமாகத் தாங்கும். இரட்டை டேங்குக்கு இந்தச் சரிபார்ப்பை மறக்கவே கூடாது.

இரட்டை டேங்க்

டெக் டைவிங்கின் வழக்கமான வடிவம் முதுகில் இரண்டு டேங்க், நடுவில் இரண்டையும் இணைக்கும் குழாயான மேனிஃபோல்டு. இங்கே டேங்க் எந்த உலோகம் என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. விங் வாங்கப் போகிறவர் முதலில் டேங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பேன்.

இரண்டு அலுமினியம் 80 எடுத்தால், காலியாக இருக்கும்போது 4 கிலோ மிதக்கும். ஸ்டீல் தகடு, டேங்குகளைக் கட்டும் பேண்டுகள், மேனிஃபோல்டு, இரண்டு ரெகுலேட்டர், எல்லாம் சேர்ந்து ஐந்தரை கிலோ இழுக்கும். ஆக, காலிச் செட் ஒன்றரை கிலோ மூழ்கும். சூட் 2 கிலோ மிதக்கும். கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, ஈயமே வேண்டாம். நம்முடைய வெதுவெதுப்பான கடலுக்கு இவ்வளவு அழகாக அமையும் செட் வேறு இல்லை.

தொடக்கத்தில் நிரம்பிய செட் 7 கிலோ மூழ்கும். சூட்டின் 2 கிலோவைக் கழித்தால் 5. 40 மீட்டரில் சூட் 1.6 இழக்கும், ஆக 6.6. கூடவே ஆக்ஸிஜன் அதிகமுள்ள டீகம்ப்ரஷன் வாயுவுக்குச் சின்ன அலுமினிய டேங்க் ஒன்று பக்கவாட்டில் தொங்கும், ரெகுலேட்டரோடு சேர்த்து 1.2 கிலோ. ஆழத்தில் மொத்தம் 8 கிலோவுக்குள். நீர்மட்டத்தில் 5, தலைக்கு 4.5, பக்க டேங்க் 1.2, ஏறக்குறைய 11 கிலோ. இரண்டு மூன்று கிலோ கூடுதல் சேர்த்தால் 14. ஆக 40 பவுண்டு விங், அதாவது 18 கிலோ, நிறைவாகவே போதும்.

இனி ஸ்டீல். இரண்டு 12 லிட்டர் டேங்க், 232 பார். வாயுவின் எடை மட்டும் ஏறக்குறைய 6.5 கிலோ. ஸ்டீல் டேங்க் காலியானாலும் மிதப்பதில்லை, வால்வோடு ஒவ்வொன்றும் சுமார் 1 கிலோ மூழ்கியே இருக்கும். தகடு, பேண்டு, ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்தால் காலிச் செட் ஏழு, ஏழரை கிலோ. உங்கள் 3 மில்லிமீட்டர் சூட் தருவதோ 2 கிலோ. அப்படியானால் டைவ் முடியும்போது, டேங்க் காலியாக இருக்கும்போது, இடுப்பில் ஒரு ஈயக்கட்டிகூட இல்லாமல் நீங்கள் ஐந்தரை கிலோ அதிகம். தொடக்கத்தில் 12. ஆழத்தில் 13.5. இரண்டு பெரிய பக்க டேங்குகள் மாட்டினால் 17. நீர்மட்டத்தில் 20. இதற்கு 60 பவுண்டு விங் கேட்கும், கேட்பது நியாயம்தான்.

ஆனால் இப்போது அந்த விங்கில் ஓர் ஓட்டை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைவ் தொடங்கிய ஐந்தாவது நிமிடம், 40 மீட்டர். 13 கிலோவைத் துடுப்பால் உதைத்து மேலே கொண்டுவர முடியாது. கழற்றிப்போட ஈயமும் இல்லை, ஏனென்றால் எடை முழுவதும் டேங்கில் இருக்கிறது. குளிர்நாடுகளில் ஸ்டீல் டேங்க் எடுப்பவர்கள் தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் போட்டிருப்பார்கள். அதற்குள் காற்றை விட்டு மேலே வருவார்கள். சூடான உள்ளாடையால் அவர்களுக்கு அந்த எடை தேவையும்படும். நாம் மெல்லிய வெட்சூட்டோடு அதே டேங்கைச் சுமந்தால், எடை மட்டும் வந்து சேர்கிறது, மாற்று வழி வருவதில்லை.

60 பவுண்டு விங்கை 100 பவுண்டாக மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது. கிழிந்த பை எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? அளவும் மாற்று ஏற்பாடும் வெவ்வேறு விஷயங்கள். கூடுதல் அளவை மாற்று ஏற்பாடாக நினைப்பதுதான் இந்தத் துறையில் நான் பார்க்கும் மிக ஆபத்தான குழப்பம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதல் வழி, அலுமினிய டேங்குக்கு மாறுவது. வாய்ப்பிருந்தால் என் தேர்வு இதுதான். ஸ்டீல்தான் என்றால், ஸ்டீல் தகட்டை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போடுங்கள், அதிலேயே ஒன்றரை கிலோவுக்கு மேல் குறையும். அதற்குப் பிறகும் எடை மிஞ்சினால் இரட்டைப் பை விங் எடுக்கலாம். ஒரே உறைக்குள், காற்றை நிரப்பும் தனித்தனி இன்ஃபிளேட்டரோடு இரண்டு பைகள் இருக்கும், ஒவ்வொன்றும் முழு அளவையும் தனியாகத் தூக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் காற்று சேர்ந்துவிட்டால் மேலே வரும்போது எதைத் திறந்துவிடுவது என்பதே குழப்பமாகிவிடும். நீர்மட்டத்துக்கு அனுப்பும் பெரிய எஸ்எம்பி பலூனை விட்டு அதன் கயிற்றைப் பிடித்து ஏறும் முறையும் உண்டு, ஆனால் அதைப் பயிற்சியாளரோடு பழகாமல் நம்பக் கூடாது.

அலுமினிய இரட்டை டேங்கிலும் இதை யோசிக்கத்தான் வேண்டும். 40 மீட்டரில் எட்டு கிலோவை உதைத்து ஏற்றுவதும் கடினம்தான். நான் பரிந்துரைப்பது, அங்கேயும் ஸ்டீல் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகடு, குறைந்த எடையை இடுப்புப் பட்டையில் கழற்றிவிடக்கூடிய ஈயமாக. மொத்த எடை அதேதான், ஆனால் நெருக்கடியில் கழற்ற ஏதோ ஒன்று இருக்கும். இதோடு எஸ்எம்பியும் கையில் இருக்க வேண்டும்.

பெரிய விங்கினால் வரும் தொல்லை

சரி, பெரிய விங்கால் நஷ்டம் என்ன, உள்ளே கொஞ்சம் காற்று விட்டால் போதாதா என்று கேட்கலாம். கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே ஓ ஐஸ் பாதி குடித்தபின் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் உள்ளே இருப்பது ஓடும். 27 லிட்டர் பையில் 4 லிட்டர் காற்றும் அப்படித்தான். நீங்கள் இடப்பக்கம் சாய்ந்தால் காற்று வலப்பக்கம் ஏறும், உங்களை இன்னும் சாய்க்கும். கால் கொஞ்சம் உயர்ந்தால் காற்று பின்பக்கம் ஓடிக் காலை மேலும் தூக்கும். நிறுத்தத்தில் 20 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியவருக்கு இது பெரும் தொல்லை.

ஒற்றை டேங்கில் இரட்டை டேங்குக்கான அகலமான விங்கை மாட்டினால் இன்னும் மோசம். பையின் இரு பக்கமும் டேங்கைச் சுற்றி மேலே மடங்கும். மடிப்புக்குள் சிக்கிய காற்று, அதை வெளியேற்றும் பின்பக்க டம்ப் வால்வுக்கு வந்து சேராது, கயிற்றை இழுத்தாலும் வெளியேறாது. மேலே ஏற ஏற அது விரியும். கூடவே, காலியாகத் தொங்கும் துணி தண்ணீரில் இழுவையைக் கூட்டும், நீந்த அதிக மூச்சு செலவாகும்.

இன்ஃபிளேட்டர் பொத்தான் உப்புப் படிந்து சிக்கிக்கொள்வது அரிதல்ல. சின்ன விங் சீக்கிரம் நிரம்பி, உபரிக் காற்றை அழுத்த வால்வு வழியே தள்ளிவிடும். பெரிய விங் இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கும், உங்களை இன்னும் வேகமாக மேலே இழுக்கும். குழாயைக் கழற்றக் கிடைக்கும் நொடிகளில் இந்த வேறுபாடு தெரியும்.

பையைச் சுருக்கி வைக்க வெளியே எலாஸ்டிக் கயிறு கட்டிய விங்குகளும் ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தன, இப்போதும் பழைய பொருளாக விற்பனைக்கு வரும். மலிவாக வந்தாலும் வேண்டாம். கயிற்றின் இடுக்குகளில் காற்று சிக்கும், ஓட்டை விழுந்தால் கயிறே காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடும்.

வடிவத்தில் வளையம், லாடம் என்று இரண்டு உண்டு. வளைய விங்கில் காற்று அடிப்பக்கமாகவும் சுற்றி வரும், ஒரு பக்கம் தேங்காது. லாட வடிவத்தில் கீழே இணைப்பு இல்லை. இரண்டும் வேலை செய்யும். நான் வளையத்தைத்தான் சொல்வேன், புதியவர்களுக்குக் காற்றை வெளியேற்ற அது எளிது.

குளத்தில் அளந்து பாருங்கள்

இதுவரை நான் கொடுத்த எண்கள் தோராயமானவை. உங்கள் ரெகுலேட்டர் வேறு, தகடு வேறு, சூட்டின் வயது வேறு. பழைய சூட்டில் குமிழ்கள் உடைந்து மிதப்பு குறைந்திருக்கும். ஆகவே அளந்து பார்ப்பதுதான் முறை. அதற்குத் தியோமான் வரை போக வேண்டியதில்லை. கோண்டோ நீச்சல் குளமும், மீன் நிறுக்கும் கொக்கித் தராசும் போதும். நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், குளத்தின் ஓடு உடையாமல் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள்.

நிரம்பிய செட்டைத் தண்ணீரில் இறக்கியதும், இன்ஃபிளேட்டரை உயர்த்திப் பிடித்து விங்கில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். பின்பக்க டம்ப் வால்வையும் இழுத்து, பையைக் கையால் அமுக்குங்கள். பட்டையின் மெத்தைகளிலும் டேங்கின் அடியில் உள்ள ரப்பர் காலணியிலும் காற்று ஒளிந்திருக்கும். செட்டைப் புரட்டி, தட்டி, சில நிமிடம் ஊறவிடுங்கள். குமிழ் வருவது நின்றதும் கயிற்றில் கட்டி, தராசு தண்ணீருக்கு மேலேயும் செட் முழுவதும் தண்ணீருக்குள்ளேயும் இருக்கும்படி தூக்குங்கள். எதையும் தொடாமல் தொங்கவிட்டு எண்ணைப் படியுங்கள். அப்போது டேங்கில் எத்தனை பார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கு: அதைச் சுருட்டி வலைப் பையில் போட்டு, மூழ்கும் வரை ஈயம் சேருங்கள். மடிப்புகளில் உள்ள காற்றைப் பிழிந்துவிட வேண்டும். 1 கிலோ ஈயம் தண்ணீரில் 0.9 கிலோதான் இழுக்கும் என்பதால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

குளம் நன்னீர், கடல் உப்புநீர். இரட்டை அலுமினியச் செட்டின் மொத்தப் பருமன் 36 லிட்டர் அளவு. குளத்தில் 8 கிலோ காட்டிய செட் கடலில் 7 கிலோதான் காட்டும். அதுபோல, குளத்தில் சரியாக நின்றவர், தன் உடலையும் செட்டையும் சேர்த்தால், கடலில் இரண்டரை மூன்று கிலோ மேலே மிதப்பார். தியோமானுக்குப் படகேறும் மெர்சிங் படகுத்துறையில் வந்து இறங்கிய பிறகு கண்டுபிடிப்பதைவிட வீட்டிலேயே தெரிந்திருப்பது நல்லது.

ஆழமான கப்பல்களுக்கு

தியோமான், குவாந்தான் பக்கம் டெக் டைவிங் பழகும் பலருடைய மனத்திலும் இருப்பவை இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும். ரிபல்ஸ் சுமார் 55 மீட்டரிலும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் சுமார் 68 மீட்டரிலும் கிடக்கின்றன. 840 பேர் இறந்த இடம். போர்க் கல்லறையாகக் கருதப்படும் அங்கே எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது.

68 மீட்டரில் அழுத்தம் 7.8 பார். சூட் தன் மிதப்பில் எட்டில் ஒரு பங்கைத்தான் வைத்திருக்கும். ஆனால் அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றை யாரும் நாடக் கூடாது, ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ்தான். ஹீலியம் மிக லேசான வாயு. ஆக்ஸிஜன் 18 விழுக்காடு, ஹீலியம் 45 விழுக்காடு கலந்த வாயு, காற்றின் எடையில் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கும். இரட்டை 12 லிட்டர் டேங்கில் அது இரண்டு கிலோவுக்கு மேல் மிச்சம். ஆழம் கூடினால் விங்கும் பெரிதாக வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இது ஒரு காரணம். அங்கே எடையைக் கூட்டுவது பக்க டேங்குகள்தான், நிரம்பிய அலுமினியம் 80 ஒவ்வொன்றும் ரெகுலேட்டரோடு ஒன்றரை முதல் 2 கிலோ. இருந்தாலும் விங்கை டிரைமிக்ஸ் எடைக்கு அளந்து வாங்க வேண்டாம். பயிற்சியில் அதே டேங்கில் காற்றும், ஆக்ஸிஜன் கூடிய நைட்ராக்ஸும்தான் நிரப்பப்போகிறீர்கள், பெரிய எண்ணுக்கே வாங்குங்கள்.

வாங்கும்போது

உங்கள் எண்ணோடு கடைக்குப் போங்கள். தகட்டையும், முடிந்தால் பேண்டு கட்டிய டேங்கையும் கொண்டுபோங்கள். மாட்டிப் பார்த்து முழுக்க ஊதுங்கள். டேங்குக்கு இரண்டு பக்கமும் பை ஒரே அளவில் வெளியே வர வேண்டும், டேங்கைத் தாண்டி மேலே மடங்கக் கூடாது. பின்பக்க டம்ப் வால்வின் கயிறு, நீங்கள் படுத்த நிலையில் இருக்கும்போது இடக்கைக்குத் தேடாமல் எட்ட வேண்டும்.

பழைய விங் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உள்ளே நன்னீர் விட்டுக் குலுக்கி டம்ப் வால்வு வழியே கொட்டுங்கள். உப்புத் துகளோ மணலோ வந்தால் வால்வைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பார்த்தாக வேண்டும். அப்புறம் இறுக்கமாக ஊதி, தையல் ஓரங்களைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க அப்படியே வைத்துக் காலையில் அமுக்கிப் பாருங்கள், அதே இறுக்கம் இருக்க வேண்டும். ஏர்கான் அறையில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து பை தளர்ந்துவிடும், நல்ல விங்கையே ஓட்டை என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.